சாரல் பார்த்துக்கிடும்

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். முதலில் உன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பேசாமல் இருந்தேன். பிறகு உன்மேல் இருந்த கோபத்தில் பேசாமல் இருந்தேன். இப்போது இரண்டையும் ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் செல்விக்கு வளைகாப்பு என்றும், அதைக் குளத்துப் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பால்கனியில் வைத்துத்தான் நடத்தப் போகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். என் மருமகளுடைய வளைகாப்பை அலுமினியக் கதவு வேலை பார்க்கிற ஒருவர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், அல்லது பேசாமலே விட்டுவிடலாம். இப்போது சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்தப் பால்கனியில் யாரும் நிற்கக் கூடாது. செல்வி நிற்கக் கூடாது. அவளைச் சுற்றி உட்கார்ந்து வளையல் போடப் போகிற அத்தனை பெண்களும் அங்கே கால் வைக்கக் கூடாது. அந்தத் தளம் சுவரை விட்டுப் பிரிந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் நீ கடிதத்தை மடித்து உன் மாமாவிடம் நீட்டுவாய் என்று எனக்குத் தெரியும். முத்தையா, உன் அம்மாவின் தம்பி, உனக்கு வீடு கட்டிக் கொடுத்தவன், பாதி படித்துவிட்டு, "ஒங்க அப்பாவுக்கு வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல மருமவனே" என்பான். வயிற்றெரிச்சல் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். என்னிடம் படித்துப் போனவனையே எனக்கு மேலே துறைத் தலைவராக உட்கார வைத்த கல்லூரியின் மேல் இருக்கிறது. பாகப் பிரிவினையில் கிணற்றை எடுத்துக்கொண்டு வரப்பை எனக்கு விட்ட என் அண்ணன் மேல் இருக்கிறது. உன்மேலும் இருக்கிறது. ஆனால் வயிற்றெரிச்சல்காரன் குறை சொல்கிறான் என்பதற்காக எந்தத் தளமும் கெட்டிப்பட்டுவிடாது. நான் சொல்கிற காரணங்களை மட்டும் பார். சொல்கிற ஆளைப் பார்க்காதே.

நீ பெங்களூரிலிருந்து வந்து பண்பொழிப் பக்கம் மலையடிவாரத்தில் அந்த இடத்தை வாங்கியபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. முன்னால் குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் வயல், அதற்குப் பின்னால் மலை. கட்டடம் எப்படி நிற்கிறது, ஏன் விழுகிறது என்பதைப் பாதி ஆயுள் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். நம் வீட்டில் ஒரு வீடு கட்டும்போது என்னிடம் முதலில் கேட்பாய் என்று நினைத்தேன். நீ தென்காசியில் கல்யாண மண்டபமும் கடைகளும் கட்டுகிற உன் மாமாவிடம் போனாய். எல்லாம் முடிவான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இலஞ்சியில் நம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டே, இடது கையால் போனைத் தள்ளித் தள்ளி வரைபடத்தைக் காட்டினாய். மேற்கே மலையைப் பார்க்க முழுச் சுவருக்கும் கண்ணாடி. அதற்கு வெளியே, தூணும் இல்லாமல் உத்தரமும் இல்லாமல், குளக்கரைக்கு மேல் நீட்டி நிற்கும் அகலமான பால்கனி. நான் இரண்டு விஷயம்தான் சொன்னேன். இந்த ஊரில் சாரல் மேலிருந்து விழாது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று தள்ளிக்கொண்டு வந்து பக்கவாட்டில் அடிக்கும், அந்தத் திசையில் போய்க் கண்ணாடியைத் திறந்து வைக்கிறாயே என்றேன். பால்கனி இவ்வளவு நீளம் போவதானால் அடியில் உத்தரம் வேண்டும் என்றேன். நீ போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்பா, ஒங்ககிட்ட எதக் காட்டுனாலும் அதுல ஒரு தப்பு இருக்கும்" என்றாய். உன் அம்மா உனக்கு மோர் ஊற்றினாள். நான் கை கழுவ எழுந்து போனேன்.

நீ சொன்னதில் பொய் இல்லை. ஆறாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்காகத் தெர்மாகோலில் ஓர் அணைக்கட்டு செய்தாயே, நினைவிருக்கிறதா? நீலத்தாள் ஒட்டி, மதகுக்குப் பேனா மூடி வைத்து, கூடத்தில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். நான் ஒரு சொம்பு தண்ணீரை அதில் ஊற்றிப் பார்த்து, "ஒழுகுது" என்றேன். உன் அம்மா என்மேல் பாய்ந்தாள். "பிள்ளை காட்ட வந்தா, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா ஒங்க படிப்பு கொறஞ்சு போயிருமா?" என்று கேட்டாள். எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. அது ஒழுகத்தான் செய்தது.

பால்கனித் தளம் போட்ட அன்று நீ ஊரில் இல்லை. நான் இருந்தேன். கூப்பிடாமலே போனேன். ஆனி மாதம், நல்ல சாரல். நியாயமாகப் பார்த்தால் அந்த வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்க வேண்டும். தள்ளி வைக்க முடியாததற்குக் காரணம் உனக்கும் தெரியும். உன் அம்மாவின் உடம்பு அப்போதே ஒடுங்கத் தொடங்கியிருந்தது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு தம்பியிடம், "அந்தத் தண்ணியைப் பாத்து ஒருநாளாவது ஒக்காந்துரணும்லே" என்று சொல்லியிருந்தாள். முத்தையா அதற்குப் பிறகு ஒழுங்காகத் தூங்கவில்லை. அவனைப் பற்றி நான் எவ்வளவு மோசமாக எழுதினாலும் இதை விட்டுவிட்டு எழுதமாட்டேன். அவன் காசு மிச்சம் பிடிக்கவில்லை. கம்பியில் திருடவில்லை. அக்காவுக்காக அவசரப்பட்டான், அவ்வளவுதான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம் எப்படி நிற்கிறது என்று உனக்குச் சொல்லித்தந்ததில்லை, இப்போது சொல்கிறேன். உன் கையை நேராக நீட்டி அதில் ஒரு குடத்தைத் தொங்கவிடு. வலி தோளின் மேல்பக்கத்தில் வரும், அக்குளில் வராது. பால்கனியும் அப்படித்தான். அதை இழுத்துப் பிடித்திருப்பது மேல்பக்கத்தில் இருக்கும் கம்பி. அந்தக் கம்பி மேலேயே இருக்க வேண்டும். அதற்காகத்தான் முக்காலி மாதிரி வளைத்த துண்டுக் கம்பிகளை அடியில் கொடுத்து அதைத் தூக்கி நிறுத்துவது. அன்று காலை நான் போனபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு கலவை ஓடத் தொடங்கியது. சட்டி சுமக்கிறவர்கள் வரிசையாக அந்தக் கம்பி மேல் நடந்து போய் நுனியில் கொட்டிவிட்டு, அதன் மேலேயே திரும்பி வந்தார்கள். நடந்து போகப் பலகை போடவில்லை. ஒவ்வொரு நடைக்கும் முக்காலிகள் சரிந்து கம்பி கீழே உட்கார்ந்தது. நான், "கம்பிய மிதிக்காதீங்க, கம்பிய மிதிக்காதீங்க" என்று கத்தினேன். சட்டியோடு வந்த ஓர் அம்மாள், "மிதிக்காம பறந்தா போவ முடியும் சார்? நீங்க றெக்க வாங்கிக் குடுங்க, பறக்கோம்" என்றாள். கலவை எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவன்வரை எல்லோரும் சிரித்தார்கள்.

முத்தையா என் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனான். "அத்தான், நீங்க நெழல்ல போயி ஒக்காருங்க. இது போர்டுல படம் போடுத வேலை இல்ல. அக்காவுக்குக் கண்ணு தெளிவா இருக்கும்போதே இதுல ஒக்கார வைக்கணும்னு நான் ஓடிக்கிட்டு கெடக்கேன். கறிச்சோறு வருது, சாப்பிட்டுட்டுப் போங்க." நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். தளம் போடும் அன்று வந்துவிட்டுச் சாப்பிடாமல் போகிறவன் வீட்டுக்குக் கேடு நினைக்கிறவன் என்று பின்னால் யாரோ சொன்னதும் காதில் விழுந்தது.

மறுநாள் மனது கேட்காமல் திரும்பப் போனேன். புதுக் கான்கிரீட்டுக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று கேட்டேன். முத்தையா மலையைக் கையால் காட்டினான். மேகம் பாதி மலையை மறைத்திருந்தது. தூற்றல் முகத்தில் மாவு தூவுகிறது போல் விழுந்துகொண்டிருந்தது. "குத்தாலத்துச் சாரல் இருக்கையில பைப்பு எதுக்கு அத்தான்? சாரல் பார்த்துக்கிடும்" என்றான். இதை அவன் மட்டும் சொல்லவில்லை. நம் பக்கத்துக் கொத்தனார்கள் எல்லோரும் சொல்வார்கள். சாரல் இல்லாத ஊர்க்காரன் இந்தத் தவறைச் செய்யமாட்டான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவான், சாக்கை நனைத்துப் போடுவான். நாம்தான் மேலே பார்த்துவிட்டுச் சும்மா இருப்போம். சாரல் மேல்தோலை மட்டும் நனைக்கும். அதைக் கொண்டுவருகிற காற்று, சாரல் நின்ற அடுத்த நிமிடமே அந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு, உள்ளே இருக்கிற ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். நடுநடுவே அடிக்கிற வெயில் பாக்கியைப் பார்த்துக்கொள்ளும். வெளியே நனைந்த மாதிரியே இருக்கும். உள்ளே கெட்டிப்படாமலே நின்றுவிடும். கம்பி கீழே போன தளம், அதுவும் பாதி வெந்த தளம். இதுதான் உன் பால்கனி.

அதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பாய். தளத்துக்கு அடியில் கொடுத்திருந்த பலகையைப் பிரித்த பிறகு ஒருநாள் உன் அம்மாவை அங்கே கூட்டிப் போனோம். நீயும் முத்தையாவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, டீ வாங்கப் போனீர்கள். சால்வையைப் போர்த்திக்கொண்டு குளத்தைப் பார்த்தபடி இருந்தாள். நான் வாசற்படிக்கு உள்ளேயே நின்றேன். அவள் திரும்பாமலே, "ஏன் அங்கனயே நிக்கிய? வாங்க" என்றாள். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதுல ஏதோ தப்பு இருக்கு, என்ன?" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒங்க மூஞ்சியோட இத்தன வருசம் குடும்பம் நடத்தலியா நான்?" என்று சிரித்தாள். ஆமாம் என்றேன். "நான் ஒருத்தி ஒக்காந்தா விழுந்துருமா?" இல்லை, உடனே ஒன்றும் ஆகாது, நாளாக நாளாகத்தான் என்றேன். "அப்பம் அவன்கிட்ட சொல்லாதிய. அவனும் தம்பியும் எனக்குன்னு ஓடியோடிக் கட்டுனது. நல்லாருக்குன்னு நான் சொல்லிட்டேன். அதுக்கு மேல நீங்க வந்து ஒழுகுதுன்னு சொல்லாதிய. ஒரே ஒரு தடவ, எனக்காக, பேசாம இருங்களேன்."

சரி என்றேன். பிறகு படியைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கெட்டது என்று தெரிந்த ஒரு தளத்தின் மேல் என் வாழ்நாளில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். நீங்கள் டீயோடு வந்தபோது, "பாத்தியாலே, ஒங்க அப்பாவே வந்து ஒக்காந்துட்டாக" என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னாள். அதன் பிறகு அவள் அங்கே வரவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு அவள் படம்தான் வந்தது.

அவள் காரியங்கள் முடிந்து சில வாரங்களில் உன் வீட்டின் மேல் ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று. குளத்து நீர்ப்பிடிப்பில் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று யாரோ எழுதிப்போட, அதிகாரிகள் நாடாவோடு வந்து அளந்து பார்த்துவிட்டு, எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது என்று போய்விட்டார்கள். எழுதியது அத்தான்தான் என்று முத்தையா ஊர் முழுக்கச் சொன்னான். நீ இலஞ்சிக்கு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடி, "அந்த மொட்டைக் கடுதாசி நீங்க எழுதுனதுதானே?" என்று கேட்டாய். நான் உன்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். பால் பொங்கவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. திரும்பி வந்தபோது நீ போயிருந்தாய்.

நான் எழுதவில்லை. இதை இன்று சொல்வதுகூட எனக்குக் கேவலமாக இருக்கிறது. ரோட்டுக்காக, தெரு விளக்குக்காக, கோயில் ஒலிபெருக்கிக்காக, எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பெயர், பட்டம், கையெழுத்து, முகவரி எல்லாம் போட்டுத்தான் எழுதினேன். "எம்.இ. சார் மனு வந்துட்டு" என்று அலுவலகங்களில் சிரிப்பார்கள். அந்த மனுக்களைத் தபால் பெட்டியில் போடச் சின்ன வயதில் உன்னைத்தான் அனுப்புவேன். போகிற வழியில் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு போவாய். நீயே என்னிடம் வந்து அப்படிக் கேட்டாய். கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அதை நீ ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய். நம் இருவருக்கும் நடுவில் இருப்பது இவ்வளவுதான்.

இப்போது உன் வீட்டில் கேட்கிற அந்தக் குரலைப் பற்றிச் சொல்கிறேன். இதை எழுதத்தான் கை வரவில்லை.

உன் வீட்டுக் கண்ணாடிக் கதவுகளை மாட்டிய அச்சன்புதூர் இஸ்மாயில், வளைகுடாவில் பெரிய கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு வந்தவர், இந்த ஆடிச் சாரலில் ஒருநாள் என்னைத் தேடி வந்தார். உட்காரவே யோசித்தார். "சார், சொன்னா சிரிப்பிய. அங்க ஒரு சத்தம் கேக்கு. பொம்பள கொரல் மாதிரி. சாரக் காத்து அடிக்கும்போது பால்கனிக் கதவுக்குக் கீழருந்து வருது. நான் ரெண்டு தடவ சிலிக்கான் பசை வச்சு அடச்சாச்சு சார். அடச்சா நிக்கி. அடுத்த வாரம் போனா, சிலிக்கான் நடுவுல பிஞ்சு கெடக்கு, சத்தம் திரும்ப வருது" என்றார். பேய் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன். "நான் பேய நம்பமாட்டேன் சார். ஆனா மூணாவது தடவ அடைக்கப் போனப்போ செல்விம்மா விடல. அது எங்க அத்தை, அடைக்காதீங்கன்னுட்டாங்க. ஒங்க மச்சினரும், எங்க அக்கா பேரப்பிள்ளையப் பாக்க வந்திருக்கா, வாயப் பொத்தாதலேன்னாரு. அங்கன வெளக்கு ஏத்தி வச்சிருக்காவ சார், அந்த எடத்துலயே."

கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் காதால் கேட்காமல் நம்பக்கூடாது என்று, திருமலைக் கோயிலுக்குப் போகிற சாக்கில் மறுநாள் காலை பஸ் ஏறி, குளத்தின் எதிர்க்கரையில் போய் நின்றேன். வெயிலும் சாரலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. உன் வீடு தண்ணீரில் தலைகீழாக நின்றது. கணவாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. தண்ணீரில் இருந்த வீடு கலைந்தது. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது.

அது அவள்தான். நீ தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும்போது, விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் நின்று "ஏ... ஐயா..." என்று இழுத்துக் கூப்பிடுவாளே, கடைசியில் லேசாக மேலே ஏறி நிற்குமே, அதே இழுப்பு, அதே ஏற்றம். படித்தவன், பாடம் நடத்தியவன், அது எங்கிருந்து எதனால் வருகிறது என்று தெரிந்தவன், அந்தக் கரையில் நின்று வாய்விட்டு, "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "யாரு சார் கூப்புடுதா?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன்.

அதன் பிறகுதான் கண் பார்க்க வேண்டியதைப் பார்த்தது. பால்கனியில் விழுகிற மழைத் தண்ணீர் முன்பெல்லாம் சுவர் ஓரத்துக் குழாய் வழியாகத்தான் இறங்கும். சுவர்ப் பக்கமாகச் சரியும்படி வாட்டம் வைத்துத்தான் போட்டிருந்தார்கள். இப்போது வெளி நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. நுனி தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். நுனி தாழ்ந்தால் மேல்பக்கம் சுவரை ஒட்டிய இடம் பிளக்கும். கதவுச் சட்டத்துக்குக் கீழே அந்தப் பிளவு வழியாகத்தான் காற்று வீட்டுக்குள் போகிறது. இஸ்மாயில் வைத்த சிலிக்கான் நடுவில் பிய்வதும் அதனால்தான். ஒட்டியது இளகவில்லை, ஒட்டப்பட்ட இரண்டு பக்கமும் விலகுகின்றன. அந்தக் குரல் உன் அம்மா இல்லை, ஐயா. அது ஒரு வெடிப்பு. நீங்கள் ஒரு வெடிப்புக்கு விளக்கு ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

இதை உடனே வந்து சொல்லியிருக்கலாமே என்றால், வந்தேன். போன வாரம் உன் வீட்டு இரும்புக் கேட்டுவரை வந்தேன். உள்ளே பந்தல்காரரோடு முத்தையா நின்றான். என்னைப் பார்த்ததும், "என்ன அத்தான், அளக்க வந்தியளா? நாடா கொண்டாந்தியளா, இல்ல நான் தரட்டுமா?" என்றான். பந்தல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கயிற்றைப் பார்த்தார். அந்த இடத்தில் வாயைத் திறந்தால் நான் தளத்தைப் பற்றிப் பேசியிருக்கமாட்டேன். கிணற்றில் தொடங்கி எல்லாவற்றையும் பேசியிருப்பேன், மாடியிலிருந்து செல்வி கேட்டிருப்பாள். திரும்பிவிட்டேன். இன்னொன்றும் உண்மை. அந்தக் கரைக்கு நான் அதன் பிறகும் போனேன். பார்க்க வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லை. கேட்கப் போனேன். காற்று வரும்வரை காத்திருந்து, கேட்டுவிட்டு, பஸ் ஏறி வந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டு வருகிறது. வெடிப்பு அகலமானால் சத்தம் தடிக்கும். வளைகாப்பு அன்று அது இன்னும் அவளைப் போலவே இருக்குமா என்றுகூட யோசித்தேன். யோசித்ததும் எனக்கே பயம் வந்துவிட்டது. இதற்கு மேல் பேசாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

அதனால் நேற்று ஒரு காரியம் செய்தோம். நான் கேட்டுக்கொண்டதன் பேரில் இஸ்மாயில் உன் வீட்டுக்குப் போய், பால்கனிக் கதவின் கைப்பிடிப் பூட்டு இளகியிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று சொல்லி, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். மதுரையிலிருந்து சாமான் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். "எத்தன நாள் சார் பொய் சொல்ல முடியும்? விசேசத்துக்கு முந்தின நாள் வந்து மாட்டிரணும்னு ஒங்க மச்சினரு தொண்ட கிழியக் கத்துதாரு. மாட்டலேன்னா வேற ஆள் வச்சு ஒடச்சாவது தெறப்பாரு" என்கிறார். கைப்பிடி என் மேசை மேல், இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த மனிதரைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் என் பேச்சைக் கேட்டது என்மேல் மரியாதையால் இல்லை. செல்வி அவருக்கு நோன்பு நாளில் எடுத்துவைத்துக் கொடுத்த பேரீச்சம்பழத்தை நினைத்துக்கொண்டுதான் கேட்டார்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வளைகாப்பைக் கூடத்தில் வை. மனை போட்டு உட்கார வைக்க அங்கே தாராளமாக இடம் இருக்கிறது, கண்ணாடி வழியாகக் குளமும் மலையும் தெரியும். அந்தக் கதவைத் திறக்காதே. பந்தல்காரரிடம் சொல்லி பால்கனியிலிருந்து ஒரு கயிறுகூடக் கட்ட விடாதே. குளம் நிறைவதற்கு முன்னால், கரை காய்ந்திருக்கும்போதே, அடியில் அகலமான பலகை வைத்து இரும்பு முட்டுக் கொடுத்துவிடு. பிறகு நல்ல கட்டடப் பொறியாளராகப் பார்த்து அழைத்து, கதவுச் சட்டத்துக்கு வெளியே தரை ஓடு ஒன்றைப் பெயர்த்து, கம்பி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்க்கச் சொல். என்னை அழைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்தவரையும் அழைக்க வேண்டாம், நான் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார் என்பார்கள். நீயே தேடி, என் பெயரே கேள்விப்படாத ஒருவரை வரவழை. அவர் நான் சொன்னது தவறு என்றால், அதைப் போல எனக்குச் சந்தோஷம் வேறு இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒழுகவில்லை என்று ஒத்துக்கொள்வேன். ஆனால் அந்தத் தளத்தை இடித்துவிடத்தான் அவர் சொல்வார். இடிக்கும்போது முத்தையாவைப் பக்கத்தில் நிற்க வைக்காதே. அவனுக்கு அது வெறும் தளம் இல்லை. புதிதாகப் போடுவதானால் தையில் போடு, வாளியால் தண்ணீர் ஊற்று. சாரலை நம்பாதே.

முட்டுக் கொடுத்து, வெடிப்பை அடைத்த அன்று அந்தச் சத்தம் நின்றுவிடும். செல்வி அழுவாள். அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அத்தை தாலாட்டுப் பாடுகிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாளாம், இஸ்மாயில் சொன்னார். உனக்கும் வலிக்கும். உன் அம்மாவை நீ இரண்டாம் தடவை இழக்க நான்தான் காரணம் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் ஒன்று தெரிந்துகொள், அந்தக் குரலைக் கேட்பதற்கு உனக்கு ஒரு வீடு இருந்தது. எனக்கு எதிர்க்கரை மட்டும்தான் இருந்தது. அடைப்பதால் நீ இழப்பது எதுவோ அதையேதான் நானும் இழக்கிறேன். ஒரே ஒரு தடவை எனக்காகப் பேசாமல் இருங்கள் என்று அவள் கேட்டாள். அவள் கேட்டது தன் மகனுக்காக. அந்த மகனின் பிள்ளைக்காக அதை உடைக்கிறேன். அவள் இருந்திருந்தால் இந்தத் தடவை, "சொல்லித் தொலைங்க" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அஞ்சலகத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் அனுப்புகிறவர் பெயர் எழுத வேண்டும். என் பெயரைப் பார்த்தால் நீ உறையைப் பிரிக்கமாட்டாய். பிரித்தாலும் கீழே இருக்கிற கையெழுத்தை முதலில் பார்ப்பாய், பிறகு மேலே இருப்பது எல்லாம் பழைய சண்டையாகத்தான் தெரியும். பெயர் போட்ட என் மனுக்களை இத்தனை வருடத்தில் யாரும் முழுக்கப் படித்ததில்லை. மொட்டைக் கடுதாசி வந்தால் அப்படி இல்லை. வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து கடைசி எழுத்துவரை படிப்பார்கள், திருப்பிப் படிப்பார்கள், யார் எழுதியது என்று பார்ப்பதற்காகவாவது படிப்பார்கள். எழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிடும். கூட இருக்கிறவர்களுக்கும் படிக்கப் படிக்கத் தெரிந்துவிடும், அதற்குள் பால்கனி விஷயம் அவர்கள் காதில் விழுந்திருக்கும். செல்விக்கு நீயே உரக்கப் படித்துக் காட்டு.

வாசலில் செருப்போடு நின்று நீ கேட்ட மொட்டைக் கடுதாசியை அன்று நான் எழுதியிருக்கவில்லை. இன்று எழுதிவிட்டேன். இதோ பேனாவை மூடுகிறேன். இலஞ்சி முக்கில், சின்ன வயதில் எட்டாமல் எம்பி எம்பி நீ மனுக்களைப் போட்ட அதே பெட்டியில், கையெழுத்து இல்லாமல் இதைப் போடப் போகிறேன்.